முயல் கொடுத்துவிட்ட பாண்

என் வாழ்நாளில் ஒருமுறை நான் பட்டினியால் வாடும் பெண்ணாக அறிவிக்கப்பட்டிருக்கிறேன். அறிவித்தது பலேர்மோவில் உள்ள ஒரு தேவாலயம். அப்போது என் நிறை எழுபத்தொரு கிலோ.

இதற்குக் காரணம் வறுமை அல்ல, ஒரு லித்துவேனியச் சொல். லித்துவேனியா எங்கே இருக்கிறது என்று எனக்கு உயர்தர வகுப்புப் புவியியலில் படிப்பிக்கவில்லை. (படிப்பித்த நாளில் ஊரடங்காக இருந்திருக்கலாம்.) ஆனால் அந்தச் சொல்லை இன்றைக்கும் உறக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நாங்கள் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். என் கணவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. நான் காலையில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டைத் துப்புரவு செய்தேன். எங்களுக்கு ஒரே மகள், ஆரணி. வயது நான்கு. அவள் சாப்பிடமாட்டாள்.

சாப்பிடமாட்டாள் என்று எல்லாத் தாய்மாரும்தான் சொல்வார்கள். நான் ஆதாரம் வைத்திருந்தேன். ஒரு கொப்பியில் தினமும் எழுதினேன்: “காலை, பால், மூன்று மிடறு. மதியம், சோறு, இரண்டு வாய், ஒன்று துப்பியது.” பின்னேரம் பால்கனியில் அவளைத் தூக்கிவைத்துக்கொண்டு துறைமுகத்தைக் காட்டிச் சோறு தீத்துவேன். நேப்பிள்ஸ் கப்பல் புறப்படுவதற்குள் ஆறு வாய் போனால் அது நல்ல நாள். கப்பல் பிந்திப் புறப்பட்ட நாட்களில் எட்டு வாய்கூடப் போயிருக்கிறது. கப்பல் கம்பனிக்கு நன்றிக் கடிதம் எழுதலாமா என்று யோசித்தேன். இத்தாலிய மொழியில் இலக்கணப் பிழை விட்டுவிடுவேனோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

ஜனவரியில் பிள்ளைகள் வைத்தியர், அந்த தொத்தோரெஸ்ஸா, ஆரணியைத் தராசில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பன்னிரண்டரைக் கிலோ. ஈஸ்டர் முடிந்த கிழமை திரும்பக் கொண்டுவரச் சொன்னார். அதற்குள் ஒரு கிலோ ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் மறித்து, அங்கேயே தங்கவைத்து, எல்லாப் பரிசோதனையும் செய்ய வேண்டிவரும் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து ‘மறித்து’ என்ற சொல்லைக் கொப்பியில் எழுதி, கீழே கோடு போட்டு, பிறகு அந்தக் கோட்டைப் பார்க்கப் பயமாக இருந்ததால் பக்கத்தைக் கிழித்தேன்.

எதிர்வீட்டில் தனூத்தே என்ற லித்துவேனியப் பெண் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். நாங்கள் தனு அக்கா என்போம். சியாகுல்லித் தோட்டங்களில் கடைசிப் பருவ மண்டரின் தோடம்பழம் பறிக்கப் போய், பின்னேரம் நாலு மணிக்கு மண் சப்பாத்தோடு படியேறி வருவாள். நானும் அவளும் இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டோம். அவளுடைய இத்தாலியத்தில் இறந்தகாலம் இல்லை. என்னுடையதில் எதிர்காலம் இல்லை. நிகழ்காலத்தில் நன்றாக ஒத்துப்போனோம்.

பெப்ரவரியில் ஒருநாள் ஆரணி படிக்கட்டில் குந்தியிருந்து எதையோ கடித்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் பாண். (தமிழ்நாட்டுக்காரர் பிரெட் என்பதை நாங்கள் பாண் என்போம்.) கறுத்த, காய்ந்த, செருப்புத் தோல் மாதிரி ஒரு துண்டு. அதன் ஒரு மூலையில் வளர்ந்த ஆள் ஒருவரின் பல் அடையாளம் தெளிவாக இருந்தது.

“ஆர் பிள்ளை தந்தது?”

“முயல்,” என்றாள் ஆரணி. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத்தான் சொன்னாள். அவள் எதையும் விழுங்கி நான் பார்த்து நெடுநாள்.

சாதாரண தரப் பரீட்சையில் சைவசமயத்தில் அதிவிசேட சித்தி எடுத்தவள் நான். எச்சில் என்றால் என்ன என்பது எனக்கு விளக்கத்தோடு தெரியும். ஆனால் கையிலிருந்து பிடுங்கவில்லை. அந்தத் துண்டு முடிகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய்க் கொப்பியில், “பாண், ஒரு துண்டு, முழுவதும்” என்று எழுதினேன். எச்சில் என்பதை எழுதவில்லை.

அந்தக் கட்டடத்தில் கறுத்தப் பாண் சாப்பிடுவது தனு அக்கா ஒருத்திதான். அன்றைக்கே அவளின் கதவைத் தட்டினேன். மனம் நோகாமல் எப்படிக் கேட்பது என்று ஐந்து வசனம் தயார் செய்துகொண்டு போனேன். ஐந்தும் மறந்துபோயிற்று. “உங்கள் வாய் பட்ட பாணை என் பிள்ளை சாப்பிடுகிறது” என்றேன். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினாள்.

அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னாள். சூய்க்கியோ பிராகஸ். முயலின் கேக். அவளுடைய நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல்லாம். வயலுக்கோ காட்டுக்கோ வேலைக்குப் போன தகப்பன், மத்தியானம் சாப்பிட்ட பாணில் ஒரு துண்டை மிச்சம் வைத்து, துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். வழியில் ஒரு முயல் நின்றது, இதை உன்னிடம் கொடுக்கச் சொன்னது என்பார். வீட்டில் அதே மாவில் சுட்ட அதே பாண் முழுதாக இருக்கும். அதைத் திரும்பியும் பார்க்காத பிள்ளைகள் இதற்குச் சண்டை பிடிக்கும்.

“ஆனால் இது பாண். ஏன் கேக் என்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“பாண் என்று சொன்னால் பிள்ளை சாப்பிடுகிறதா?” என்றாள்.

நான் கொப்பியை எடுத்தேன். சொல்லைத் தமிழ் எழுத்தில் மூன்று விதமாக எழுதினேன். விதிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். பாணை ஒருபோதும் தலைகீழாக வைக்கக்கூடாது. கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட வேண்டும். (கால் பட்ட புத்தகத்தைக் கண்ணில் ஒற்றுகிற எனக்கு இது சுலபமாகப் பிடிபட்டது.) முயலின் கேக்கைக் கடையில் வாங்கமுடியாது. அது உன்னோடு வேலைக்குப் போயிருக்க வேண்டும், உன் சாப்பாட்டின் மிச்சமாக இருக்க வேண்டும், திரும்பி நடந்து வந்திருக்க வேண்டும்.

“அப்பா காட்டில் மரம் வெட்டுகிறார். நாங்கள் ஐந்து பிள்ளைகள் வாசல் படலையில் நிற்கிறோம்,” என்றாள் தனு அக்கா. “அவருக்குப் பசி இல்லாமல் மிச்சம் வருகிறதா, இல்லை பசியோடு மிச்சம் வைக்கிறாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.” அவளுடைய இத்தாலியத்தில் அவர் இன்னும் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மாதம் முயல் தவறாமல் வந்தது. பிறகு மார்ச் முடியத் தோடம்பழமும் முடிந்தது. தனு அக்கா வீட்டில் இருந்தாள். வேலை இல்லை, வழி இல்லை, முயலும் இல்லை. ஆரணி மூன்று நாள் படிக்கட்டில் காத்திருந்துவிட்டு, நாலாம் நாள் பழையபடி மூன்று மிடறு பாலுக்கு வந்துவிட்டாள். தராசுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

நானே முயலின் தூதராவது என்று முடிவெடுத்தேன்.

முதல் நாள் வேலை முடிந்து வரும்போது பேக்கரியில் சூடாக ஒரு பாண் வாங்கி, துணியில் சுற்றிக் கொடுத்தேன். ஆரணி மணந்து பார்த்தாள்.

“அம்மா, இது முயலின்ர இல்லை. இது பனிஃபீச்சோவின்ர. ஃபிந்தோ.”

பனிஃபீச்சோ என்றால் பேக்கரி. ஃபிந்தோ என்றால் போலி. இரண்டாம் நாள் வீட்டுப் பாணைக் கொண்டுபோய், கையால் பிய்த்து மிச்சம் வைத்துக் கொண்டுவந்தேன். (எச்சில் படாமல் ஒரு சைவ முயல்.) ஆரணி நாலு பக்கமும் திருப்பினாள்.

“முயல் கடிச்ச இடம் எங்கை?”

மூன்றாம் நாள் கடித்தேன். கடிக்கும்போது என் சைவசமய ரீச்சரின் முகம் தெரிந்தது. ஆரணி பல் அடையாளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “காணாது, கல்லு மாதிரி இருக்கோணும்,” என்றாள். ஆனால் சாப்பிட்டாள்.

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. அடுத்த கிழமை ஈஸ்டர். ஐந்து நாள் சிஞ்ஞோரா வீட்டில் வேலை இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் வழி இல்லை, வழி இல்லாவிட்டால் முயல் இல்லை. விதியை ஏமாற்ற எனக்குத் துணிவில்லை. ஆகவே முன்கூட்டியே வேலைக்குக் கொண்டுபோய், மிச்சம் வைத்து, காயவைத்து, சேமித்துக்கொள்வது என்று திட்டமிட்டேன். சிஞ்ஞோராவின் வரவேற்பறையில் தெற்குப் பார்த்த ஒரு ஜன்னல் இருந்தது. தளபாடத்தின் நிறம் மங்கும் என்று அதன் வெல்வெட் திரைச்சீலையை அவர் திறப்பதே இல்லை. திரைக்குப் பின்னால் நல்ல வெயில். மோர்மிளகாய் காயவைக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஒன்பது துண்டுப் பாண். ஒவ்வொன்றிலும் ஒரு கடி. ஒன்றுக்கொன்று முட்டாமல், தலைகீழாக இல்லாமல், வரிசையாக அடுக்கினேன். இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் போட்டேன். மூன்றாம் நாள் வியாழக்கிழமை.

வியாழக்கிழமைகளில் சிஞ்ஞோராவின் வீட்டுக்குத் தேவாலயத்தின் தர்மக் குழுப் பெண்கள் ஐந்து பேர் தேநீருக்கு வருவார்கள். ஏழைகளைப் பற்றிப் பேசுவார்கள். நல்லவர்கள். அன்றைக்கு ஒருவருக்குக் காற்று வேண்டியிருந்தது. எழுந்து திரையை இழுத்தார்.

நான் கையில் கேக் தட்டோடு வாசலில் நின்றேன்.

ஆறு பெண்கள் ஒன்பது துண்டுப் பாணைப் பார்த்தார்கள். சிஞ்ஞோரா இளைப்பாறிய ஆசிரியை. ஒரு துண்டை எடுத்துக் கடித்த இடத்தைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார்.

“மகளே, இது என்ன?”

உண்மையைச் சொல்வது நல்லது என்று பட்டது. இத்தாலிய மொழியில் சுருக்கமாகச் சொன்னேன்: “முயல் கொடுத்தது. பிள்ளைக்கு.”

ஒருவர் சிலுவை அடையாளம் போட்டார். சிஞ்ஞோரா கதிரையில் இருந்தார்.

“நீ வீட்டில் சாப்பிடுகிறாயா?”

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு முறை உண்டு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, “ஓம், சாப்பிட்டிட்டன்” என்று சொல்லவேண்டும். தட்டை நீட்டினால் மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லவேண்டும். நாலாம் தரம், அவர்களின் மனம் கோணாமல், ஒன்று எடுக்கலாம். என்னை ஒழுங்காக வளர்த்திருந்தார்கள். நிலத்தைப் பார்த்து, சாப்பிட்டேன் என்றேன். சிஞ்ஞோரா என் கையிலிருந்த தட்டை வாங்கி என்னிடமே நீட்டினார். வேண்டாம் என்றேன். ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். இரண்டாம் தரம் வேண்டாம் என்றேன். இன்னொருவர் எடுத்தார். மூன்றாம் தரம் சொல்லும்போது அந்த அறையில் கண் நனையாமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

நாலாம் தரம் ஒரு துண்டு கேக்கை எடுத்தேன். ஒரு கடி கடித்தேன். பிறகு, மூன்று நாள் பழக்கம், என்னை அறியாமலே மிச்சத்தை ஏப்ரனின் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆறு பேருக்கும் அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குருத்தோலை ஞாயிறு. பூசையில் பாதிரியார் உதவி கேட்டு அறிவித்தாராம். கௌரவம் கருதிப் பெயர் சொல்லவில்லை. துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் தெரு, மூன்றாம் மாடி, தமிழ்க் குடும்பம், தகப்பன் ஸ்ஃபெர்ராகவால்லோவில் வேலை, ஒரே ஒரு பெண் பிள்ளை, தாய்க்கு மனமும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இவ்வளவுதான் சொன்னார்.

மத்தியானம் முதலாவதாக வந்தது பிலோமினா அக்கா. மன்னார்ப் பக்கம். கையில் மூடிபோட்ட பெரிய சட்டி.

“ஏன் பிள்ளை எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“என்னத்தை அக்கா?”

“சுவாமியார் பூசையிலை சொல்லித்தானே எங்களுக்குத் தெரியும்.”

“நான் சைவம் அக்கா. பூசைக்கு வாறேல்லை.”

“அதுதான் உனக்குத் தெரியாமல் போச்சு,” என்று சட்டியை அடுப்பில் வைத்தாள். “இதிலை ஆட்டிறைச்சி. சைவமெண்டு பாராதை. உயிர் முக்கியம்.”

அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் ஏறினார்கள். ஐந்து மணிக்கு என் கணவர் வேலையிலிருந்து வந்தபோது, விறாந்தையில் நாற்பது பைக்கற் பஸ்தா, ஒரு மூடை அரிசி, ரின் மீன், கிறிஸ்மஸுக்கு மிஞ்சிய மூன்று பனெத்தோனே கேக், அத்தோடு ஒரு குளிர்க் கோட்டு.

“என்னப்பா இது?”

“தந்தவை.”

“ஆர்?”

“கோயில் ஆக்கள்.”

“என்னத்துக்கு?”

“நாங்கள் சாப்பாடில்லாமல் இருக்கிறமாம்.”

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு கீழிருந்து மேலாகவும் பார்த்தார்.

அப்போது ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது. மாமி. மகளோடு அங்கே இருந்தார். செய்தி என் கணவர் காதுக்கு எட்டுமுன்பே கடல் கடந்திருந்தது.

“பிள்ளை, ஒண்டையும் மறையாதை. அவன் குடிக்கிறானோ?”

“ஐயோ இல்லை மாமி.”

“பக்கத்திலை நிக்கிறானோ?”

“ஓம்.”

“அப்ப நீ ஓம், இல்லை மட்டும் சொல்லு. அடிக்கிறவனோ?”

என் கணவர் ரிசீவரை வாங்கி, “அம்மா, நான் குடிக்கிறேல்லை. இவள் பாணைக் கடிச்சு வெயிலிலை காயவைச்சவள்,” என்றார். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “இல்லை, டொக்ரரிட்டைக் காட்டேல்லை,” என்று வைத்துவிட்டார்.

பிறகு பஸ்தா பைக்கற்றுகளுக்கு நடுவே நிலத்தில் இருந்தார். பதினெட்டு வயதிலிருந்து உழைத்து மூன்று தங்கைகளைக் கரைசேர்த்த மனிதர். ஒருவரிடமும் கைநீட்டியதில்லை. நாளைக்கு வேலைத்தலத்திலும் இது தெரிந்துவிடும். நான் முழுக்கதையையும் சொன்னேன். சொல், விதி, கடி, திரை. கொப்பியையும் காட்டினேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“அந்தப் பாணைப் பிள்ளை தின்னுதோ?” என்று மட்டும் கேட்டார்.

“ஓம்.”

“எவ்வளவு?”

“துண்டு முழுக்க.”

“அப்ப விடு,” என்றார்.

அடுத்த நாள் தனு அக்கா தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு சிஞ்ஞோரா வீட்டுக்கு வந்தாள். தங்கள் நாட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த சொல் என்று நிகழ்காலத்திலேயே விளக்கினாள். சிஞ்ஞோரா கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை நீ அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, மகளே.”

“சொன்னேன் சிஞ்ஞோரா. முயல் கொடுத்தது என்றேன்.”

அவர் யோசித்து, நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார். தர்மக் குழுவுக்கு விளக்கிவிடுவதாகவும் சொன்னார். விளக்கினார். அவர்கள் அதை என் கௌரவத்தைக் காப்பாற்ற அவர் சொல்லும் கதை என்று எடுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு பை அனுப்பினார்கள்.

வந்த சாப்பாட்டில் ஒன்றையும் ஆரணி தொடவில்லை. எல்லாம் ஃபிந்தோ. ஆனால் அந்தக் கிழமை வீட்டில் ஒரு மாற்றம் நடந்தது. செவ்வாய்க்கிழமை என் கணவர் ஒரு துண்டு பனெத்தோனேயைக் காகிதத்தில் சுற்றி, என்னைப் பார்க்காமல், ஜாக்கெற் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். திரும்பி வந்ததும், “ஸ்ஃபெர்ராகவால்லோ பஸ்ஸிலை ஒரு முயல் ஏறினது,” என்றார். அது மீன் மணத்தது. ஆரணி முழுவதும் சாப்பிட்டாள். ஈஸ்டர் விடுமுறையில் சிஞ்ஞோராவே எங்கள் மூன்று மாடியும் ஏறி வந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தார். ஆரணி கடித்த இடத்தைக் கவனமாகப் பார்த்தாள்.

“அம்மா, இந்த முயலுக்குப் பொய்ப்பல்லு.”

அதையும் சாப்பிட்டாள்.

தராசு நாளன்று தொத்தோரெஸ்ஸாவின் அறைக்கு நாங்கள் ஐந்து பேர் போனோம். நான், என் கணவர், ஆரணி, சாட்சிக்குத் தனு அக்கா, பொறுப்புக்குச் சிஞ்ஞோரா. தொத்தோரெஸ்ஸா எல்லோரையும் பார்த்தார். கேட்கவில்லை. ஆரணியைத் தராசில் ஏற்றினார். முள் ஆடி நின்றது. பதின்மூன்றரை. சரியாக ஒரு கிலோ. நான் மூச்சுவிட்டேன்.

“சட்டையில் ஏதோ கனக்கிறதே,” என்று தொத்தோரெஸ்ஸா ஆரணியின் சுவெற்றர்ப் பையில் கைவிட்டார். ஒரு துண்டுப் பாண் வந்தது. மற்றப் பையிலிருந்து இரண்டு. மூன்றும் கல்லு மாதிரி. மூன்றிலும் சின்னப் பற்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கவாம். மறிப்பது தன்னை இல்லை, என்னை என்று நினைத்திருக்கிறாள். எல்லோரும் கிழமை முழுக்க என்னைப் பற்றித்தானே கவலைப்பட்டார்கள்.

பாண் இல்லாமல் முள் இருநூறு கிராம் கீழே போய் நின்றது.  தொத்தோரெஸ்ஸா மூன்று துண்டையும் மேசையில் வைத்து, ஆரணியைப் பார்த்து, இது யார் தந்தது என்று கேட்டார்.

“முயல். ஆனால் இது நான் கடிச்சது,” என்றாள் ஆரணி, அவருக்கு விளங்கும் மொழியில்.

தொத்தோரெஸ்ஸா என்னைப் பார்த்தார். நான் விளக்க வாயைத் திறந்தேன். என் கணவர் என் காலை மிதித்தார்.

“முயலின் பங்கையும் சேர்த்தே எழுதுகிறேன்,” என்று தொத்தோரெஸ்ஸா அட்டையில் பதின்மூன்றரை என்று எழுதினார்.

அந்தப் பஸ்தா ஒன்றரை வருடம் இருந்தது. இன்றைக்கும் பலேர்மோவில் தமிழ் வீட்டுக் கலியாணம், பிறந்தநாள் எதிலாவது நான் இரண்டாம் தரம் சோறு வேண்டாம் என்றால், யாராவது ஒருவர், “திரைக்குப் பின்னாலை பாருங்கோ, காயவைச்சிருப்பா,” என்பார். மாமி கண்ணை மூடும்வரை ஒவ்வொரு தொலைபேசியிலும் முதலில் என் கணவர் பக்கத்தில் நிற்கிறாரா என்று கேட்டார்.

ஆரணி இப்போது மிலானில் வேலை. போன கிறிஸ்மஸுக்கு ஒரு பகலும் ஒரு இரவும் ரயிலில் வந்து இறங்கினாள். உள்ளே வந்ததும் கோட்டுப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். பாதிப் பாண்.

“வழியிலை ஒரு முயல் நிண்டது அம்மா.”

ரயிலில் ஒழுங்காகச் சாப்பிட்டாளா, பசியோடு மிச்சம் வைத்தாளா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்து, கடித்த இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டேன்.